கை ஓட்டையா, கணக்கு ஓட்டையா? தோட்டத்துக் காசின் கதை

 

"தோட்டத்து ஆட்கள் கையில் காசு தங்காது." இந்தப் பேச்சை டவுன் கடைகளில் கேட்கிறோம், பஸ்ஸில் கேட்கிறோம், ஏன், பாடசாலை ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம். அதைவிட வேதனை, தோட்டத்து அம்மாமாரே "எங்க கையில எங்க சேர் காசு நிக்குது" என்று சிரித்துக்கொண்டு சொல்வது. பிள்ளைக்கு ஒரு சேமிப்புக் கணக்குத் திறங்கள் என்று நாங்கள் சொல்லும்போது வரும் பதில் பெரும்பாலும் இதுதான். கை ஓட்டை என்பது பிறவிக் குணம் மாதிரி ஆகிவிட்டது. வரலாறு படிப்பிக்கிற நமக்கு அப்படி ஒரு குணம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு கணக்கு இருந்தது என்றுதான் தெரிகிறது. அந்தக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

இன்று "துண்டு" என்றால் நமக்குச் சம்பளத் துண்டு. எத்தனை நாள் பேர், எத்தனை கிலோ கொழுந்து, என்னென்ன வெட்டு என்று அச்சடித்து வருகிற கடதாசி. நூறு வருடத்துக்கு முன்னால் இதே மலையில் துண்டு என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. அது கடன் கடதாசி. ஒரு கங்காணி தன் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்தக் கங்காணியும் அவருடைய ஆட்களும் எங்களுக்கு இவ்வளவு ரூபா பாக்கி, அந்தத் தொகையைக் கட்டுகிறவருக்கு இவர்களை விட்டுவிடுகிறோம் என்பதுதான் அதன் சாரம். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவார். அதோடு கங்காணிக்கு மேலதிகமாக ஒரு முற்பணமும் கொடுப்பார். அடுத்த தடவை தோட்டம் மாறும்போது துண்டில் உள்ள தொகை கூடியிருக்கும். அதற்கடுத்த தடவை இன்னும் கூடும்.

யாருடைய கடன் அது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ சேலத்திலோ பஞ்சத்தில் அடிபட்ட ஒரு குடும்பத்துக்குக் கங்காணி வழிச்செலவுக்குக் கொடுத்த சில ரூபாய்களில் தொடங்கியது. பிறகு கம்பளி, அரிசி, கல்யாணச் செலவு, சாவுச் செலவு என்று கங்காணியின் புத்தகத்தில் ஏறிக்கொண்டே போனது. புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவர் கங்காணி மட்டுமே. சம்பளமும் வெகுகாலம் அவர் கை வழியாகத்தான் வந்தது. கோப்பிக் காலத்தில் அந்தச் சம்பளமே மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். தோட்டம் கொடுத்த அரிசிக்கு முதலில் வெட்டு. பிறகு கடனுக்கு வெட்டு. மிச்சம் இருந்தால் ஆளுக்கு. பல இடங்களில் கடையும் கங்காணியுடையதே. வேலைக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தனியாகத் தலைக்காசு வேறு.

இப்படி ஒரு ஏற்பாட்டுக்குள் இருக்கிற மனிதர் ஏன் சேமிக்க வேண்டும்? பெட்டிக்குள் பத்து ரூபா சேர்த்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பத்து ரூபா கடனுக்குப் போகும். கடன் தீரப்போவதுமில்லை. அப்படியானால் சம்பள நாளில் கையில் கிடைத்ததை அன்றே செலவழித்து பிள்ளைகளுக்கு நல்லதாக ஏதாவது வாங்கிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். இதை நாங்கள் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் தன் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டு எடுத்த முடிவு அது. நிலைமை மாறிய பிறகும் அந்த முடிவு பழக்கமாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருப்பதுதான் நம் காலத்துப் பிரச்சினை.

துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தோடு தடைசெய்யப்பட்டது. 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு ஆட்களைக் கொண்டுவரும் செலவை ஒரு பொது நிதி ஏற்றது, தொழிலாளியின் தலையில் அது ஏறவில்லை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்றது. அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் ஒரு சம்பளம் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதை நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அடுத்த சில வருடங்களிலேயே உலகப் பொருளாதார மந்தம் வந்து அந்தச் சதங்களிலும் கை வைத்தார்கள். ஹட்டனில் இருந்துகொண்டு தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரும், கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டிய மீனாட்சி அம்மையாரும் போராடிய காலம் அது. அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சரி, வங்கி இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இலேயே கொழும்பில் தொடங்கிவிட்டது. கோப்பி நோயில் அழிந்துகொண்டிருந்தபோது, 1884 மே 3ஆம் திகதி, தோட்டக்காரருக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியன்டல் வங்கி மூடப்பட்டது. அதன் நோட்டுகளைக் கையில் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. பெரிய துரைமாரின் வங்கியே கவிழ்ந்ததைப் பார்த்த ஊரில், வெள்ளி ரூபாயைத் துணியில் முடிந்து வைத்தவரை யார் குறை சொல்ல முடியும்?

மறு வருடம், 1885இல், தபாலகச் சேமிப்பு வங்கி வந்தது. நானுஓயாவுக்குக் கோச்சி வந்ததும் அதே வருடம்தான். சட்டப்படி யாரும் போய்க் கணக்குத் திறக்கலாம். ஆனால் தபாலகம் திறந்திருக்கிற நேரம் மலையில் கொழுந்தெடுக்கிற நேரம். டவுனுக்குப் போனால் அன்றைய பேர் போச்சு. படிவம் தெரியாத மொழியில். கடிதம் வந்தாலும் தோட்டத்து ஒபீசுக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வர வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்த மக்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. பிறகு அடையாள அட்டை வந்த காலத்தில் அந்த அட்டையும் இல்லை. அட்டை இல்லாதவர் வங்கிக் கவுண்டரில் போய் எதைக் காட்டுவார்? நாடற்றவர் என்ற நிலையைச் சட்டத்தில் முடித்துவைத்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். நம்மிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் அப்போது பிறந்திருந்தார்கள்.

வங்கி இப்படித் தூரத்தில் நின்றபோதும் நம் பெண்கள் சேமிக்காமல் இருக்கவில்லை. அவர்கள் சேமித்த இடங்கள் யாருடைய புத்தகத்திலும் ஏறவில்லை, அவ்வளவுதான். மூக்குத்தியும் தோடும் அவர்களுடைய வங்கிப் புத்தகம். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மரக்கறித் தோட்டம், ஒரு பசுமாடு, பத்துக் கோழி அவர்களுடைய நிலையான வைப்பு. அடுப்பங்கரையில் பிடி அரிசி. நம் முஸ்லிம் வீடுகளில் இந்தப் பிடி அரிசிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாத முடிவில் மத்ரஸாவுக்குக் கொடுப்பார்கள். ஓதிக் கொடுத்த எத்தனையோ லெப்பைமாரின் வயிறு அந்தப் பானையால் நிறைந்தது. கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு நூறு கிராம் எடுத்தால் மாதம் மூன்று கிலோ. வீட்டில் யாரும் பசித்திருக்கவில்லை. சம்பளம் கூடிய பிறகு சேமிக்கலாம் என்று இருந்திருந்தால் அந்த மத்ரஸாக்கள் எழும்பியே இருக்காது.

பிறகு சீட்டு. பன்னிரண்டு பெண்கள் மாதம் ஆயிரம் ரூபா போட்டால், மாதம் ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம். வட்டி இல்லை, பிணை இல்லை, படிவம் இல்லை. பிணையாக நிற்பது முகம் மட்டுமே. நாளைக்கும் அதே மலையில் அதே நிரையில் நின்று கொழுந்தெடுக்க வேண்டும், அதனால் ஏமாற்ற முடியாது. இதெல்லாம் சின்னப் பெண்கள் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சீட்டை ஒழுங்குபடுத்த இந்த நாட்டில் 1935இலேயே தனிச் சட்டம் போடுமளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. குலுக்கிப் போட்டு முழுத் தொகையையும் கொடுக்கிற சீட்டில் மார்க்கத்துக்கு முரணாக எதுவும் இல்லை என்று உலமாக்கள் சொல்கிறார்கள். அவசரத்தில் இருப்பவர் கழிவு விட்டு எடுக்கிற ஏலச் சீட்டு வேறு சங்கதி. அதை உங்கள் பள்ளிவாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கணக்கையும் திறக்காமல் போவது நியாயமில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பொகவந்தலாவை டவுன்களில் நம்மவர்கள் தலைமுறையாக வியாபாரம் செய்கிறோம். நானா கடைக் கொப்பி தெரியாத தோட்டத்துக் குடும்பம் இல்லை. வேலைநிறுத்தக் காலங்களில் லயத்து அடுப்புகள் எரிந்ததற்கு அந்தக் கொப்பியும் ஒரு காரணம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கொப்பியில் எழுதிய சீனியின் விலையும், காசு கொடுத்து வாங்கிய சீனியின் விலையும் எல்லாக் கடையிலும் ஒன்றாக இருந்ததா? வட்டி ஹராம் என்பதால் வட்டி என்று எழுதவில்லை. விலையில் எழுதினோம். தவணைக்குக் கொடுக்கும்போது கூடுதல் விலை வைக்க மார்க்கத்தில் இடமிருக்கிறது என்பது உண்மை. ஆனால் வாங்குகிறவருக்கு அந்த விலை என்னவென்று தெரிந்து, சம்மதித்து வாங்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருடைய கொப்பியை நாமே எழுதி, நாமே கூட்டி, நாமே தொகையைச் சொன்னால் கங்காணியின் புத்தகத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நேர்மையாக எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

முஸ்லிம் உலகம் இந்தச் சிக்கலை எப்படிப் பார்த்தது என்பதற்கு இரண்டு உதாரணம். மலேசியக் கிராமங்களில் ஹஜ்ஜுக்குப் போவதற்காக வாழ்நாள் முழுக்கக் காசைத் தலையணைக்குள் சேர்த்தார்கள். போதாதபோது வயலையும் மாட்டையும் விற்றுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது ஹாஜியார், ஆனால் ஏழை. இதை 1959இல் பொருளியலாளர் உங்கு அஸீஸ் எடுத்துக் காட்டினார். சின்னச் சின்னத் தொகையாகப் போட்டு, வட்டியில்லாமல் முதலீடு செய்து வளர்க்கும் நிதியம் ஒன்று 1963இல் தொடங்கியது. இன்றைய தாபுங் ஹாஜி அதுதான். அதே 1963இல் எகிப்தில் நைல் கழிமுகத்தில் உள்ள மித் கம்ர் என்ற ஊரில், ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த அஹ்மத் அந்நஜ்ஜார், விவசாயிகளுக்காக வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்றைத் திறந்தார். 1967இல் அது தனித்து இயங்குவது நின்றுபோனாலும் அந்த யோசனை நிற்கவில்லை. இரண்டு இடத்திலும் பணக்காரரிடம் யாரும் போகவில்லை. ஏழைகளிடம் ஏற்கெனவே இருந்த சேமிப்புக்கு இடம் கொடுத்தார்கள். நம் ஊர் பைத்துல் மாலும் ஸகாத் நிதியும் ஒவ்வொரு றமழானிலும் பொதி பங்கிடுவதோடு நிற்காமல், அழகிய கடனாக, கர்ழுல் ஹஸனாக, ஒரு பகுதியைச் சுழலவிட்டால் நல்லது என்பது எங்கள் நீண்டநாள் எண்ணம். கேட்பவர் முஸ்லிமா இல்லையா என்று கடன் கொடுக்கும்போது பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

தோட்டத்துக் குடும்பத்துக்கு உண்மையான முதல் பெரிய சேமிப்பு, அரசாங்கம் கட்டாயப்படுத்திச் சேர்க்க வைத்ததுதான்: 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியிடம் ஆகக் குறைந்தது 8 வீதம், தோட்டத்திடம் 12 வீதம். 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதியம் வந்து தோட்டம் இன்னொரு 3 வீதம் கட்ட வேண்டும் என்றானது. 1983இல் சேவைக்காலப் பணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. 1964இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு போட்டபோது, கப்பலேறிய பலருடைய கையில் இருந்த ஒரே தொகை அந்தச் சேமலாபப் பணம்தான்.

ஆனால் வீட்டுக்குள் அந்தக் காசு யாருடையது? 54 சதம், 43 சதம் என்று 1929இல் போட்ட வித்தியாசம் ஏதோ ஒரு வடிவில் 1984 வரைக்கும் நீண்டது. அந்த வருடம் ஏப்ரலில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. ஐம்பத்தைந்து வருடம். அதற்குப் பிறகும் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைப் புருஷன் போய்க் கைநீட்டி வாங்குவது வழக்கமாக இருந்தது. சம்பள மேசைக்கும் லயத்துக்கும் நடுவில் தவறணை. கொழுந்தெடுத்த கைக்கு வந்து சேர்ந்தது மிச்சம். தோட்டத்துக் கை ஓட்டை என்று சொல்கிறவர்கள் யாருடைய கை என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது நுண்கடன். வாசலுக்கே வந்து கொடுக்கிறார்கள், அடையாள அட்டைப் பிரதி போதும், ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். வாரம் தவறாமல் ஆள் வருவார். துண்டைப் பற்றி மேலே வாசித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். கூட்டமாகக் கட்டிப்போட்டு, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து, ஒவ்வொரு கைமாற்றத்திலும் தொகையை ஏற்றுகிற அதே ஏற்பாடு. கங்காணி மோட்டார் சைக்கிளில் வருகிறார். 2018இல் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இந்தக் கடன்கள் பெண்களை என்ன செய்கின்றன என்று உலகத்துக்கே சொல்லிவிட்டுப் போனார். 2021 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இன்னொரு பக்கம் நூற்றுக்குப் பத்து வட்டிக்காரர். முப்பதாயிரம் வாங்கினால் மாதம் மூவாயிரம் வட்டி. பத்து மாதத்தில் முப்பதாயிரம் வட்டியாகவே போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்பில் சதவீதப் பாடத்தில் கரும்பலகையில் போட்டபோது வகுப்பு முழுக்க அமைதியானது. வீட்டில் நடப்பது என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

கடன் எதற்காக வாங்குகிறோம் என்பதையும் பேசாமல் விட முடியாது. வருத்தத்துக்கு, சாவுக்கு, பிள்ளையின் படிப்புக்கு வாங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. சாமர்த்தியச் சடங்குக்கு மண்டபம் எடுப்பது, தீபாவளி முற்பணத்தை வாங்கி இரண்டு நாளில் முடித்துவிட்டு மாதக்கணக்கில் சம்பளத்தில் வெட்டக் கொடுப்பது, இதெல்லாம் ஊருக்காகச் செய்வது. நம் வீடுகள் மட்டும் திறமா? மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளை கைக்கூலி கேட்கிறார். வலீமாவுக்கு ஆயிரம் பேர். பெண்ணைப் பெற்றவர் வட்டிக் கடைக்குப் போகிறார். வட்டி ஹராம் என்று பயான் செய்கிற வாய், அவரை வட்டிக்குத் துரத்திய கைக்கூலியைப் பற்றி மெதுவாகத்தான் பேசுகிறது. செல்வம் என்பது இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அமானிதத்தை ஊருக்குக் காட்டிச் செலவழிக்க யார் அனுமதி கொடுத்தது?

நல்ல மாற்றமும் கண்ணுக்குத் தெரிகிறது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவான பிறகு சில தாய்மார் சீட்டுக் காசைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடுகிறார்கள். 2022இல் விலைகள் ஏறியபோது பலருக்கு அது நின்றுபோனது. தொடங்கிய பழக்கம் போகவில்லை, மெதுவாகத் திரும்பி வருகிறது. மாதம் இருநூறு ரூபாதான் போட முடிகிறது என்று வெட்கப்படுகிறவர்களுக்கு: பிடி அரிசியும் ஒரு பிடிதான்.

கடைசியாக ஒரு அவசரமான விஷயம். உங்கள் வீட்டில் இருக்கிற ஆகப் பெரிய சேமிப்பு அனேகமாகச் சேமலாப நிதிதான். ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் எடுக்கலாம். பத்து வருடத்துக்குக் குறையாமல் பங்களிப்பு இருந்து, கணக்கில் மூன்று லட்சமாவது இருந்தால், வீட்டுக்கோ மருத்துவச் செலவுக்கோ 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்பதால் வருடக்கணக்காக அலைகிற முதியவர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். மாரியாயி ஓரிடத்தில் மாரியம்மா, இன்னோரிடத்தில் மாரியாய். வேலையில் இருக்கும்போதே இதைத் திருத்திக்கொள்வது சுலபம். பங்களிப்பு ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சில நிர்வாகங்கள் கட்டாமல் வைத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தொழில் அலுவலகம் இருக்கிறது. பி காட், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கையில் உள்ள பழைய சம்பளத் துண்டுகள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். பாடசாலை விட்ட பிறகு நாங்கள் இருந்து கடிதம் எழுதித் தருகிறோம்.